எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டால் பக்கவாதம் வராதா?

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு வயது 58, கடலுக்குப் போகிறவர். பீடி பழக்கம் உண்டு, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஈறில் ரத்தம் வருகிறது, கீழ்ப்பல் இரண்டு ஆடுகிறது. "ஈறு கெட்டால் பக்கவாதம் வரும், எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு ஒரே நாளில் பல் கட்டித் தருகிறேன்" என்கிறார் ஒருவர். "மேல்பல்லைப் பிடுங்கினால்தான் கை கால் விழும்" என்கிறார் அப்பத்தா. யார் பேச்சைக் கேட்பது?

இருவர் பேச்சும் வேண்டாம். மேல்பல்லுக்கு வரும் நரம்புக்கும் கை காலை அசைப்பதற்கும் சம்பந்தமே இல்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ வருவதுதான் பக்கவாதம்.

ஈறு விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. காரை (பல்லில் கல்லாக இறுகிய அழுக்கு) படிந்த ஈறில் தங்கும் கிருமிகள் மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் ரத்தத்தில் கலக்கும். உடம்புக்குள் அழற்சி ஓயாது, ரத்தக்குழாய் கெட அதுவும் துணைபோகலாம். ஈறு நோய் உள்ளவர்களுக்கு அடைப்பால் வரும் பக்கவாதம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஈறுதான் காரணம் என்றோ, அதைச் சரிசெய்தால் வராது என்றோ நிரூபணம் ஆகவில்லை. அமெரிக்க இருதயச் சங்கம் 2012-ல் சொன்னதும் இதைத்தான். உங்கள் அப்பாவுக்கு முதல் ஆபத்து பிரஷரும் பீடியும். பீடி ஈறின் ரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும். அப்படியும் ரத்தம் வருகிறதென்றால் ஈறு ரொம்ப நாளாகக் கெட்டிருக்கிறது என்றுதான் நினைப்பேன்.

சரி, அந்த ஒரே நாள் ஆள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டில் இருக்கும்போது இவர்கள் தேடி வருகிறார்கள். எக்ஸ்ரே கிடையாது, சுகர் பார்ப்பது கிடையாது. பொடியும் திரவமும் குழைத்து, கட்டும் பல்லைப் பக்கத்து நல்ல பல்லோடு கம்பி வைத்து ஒட்டிவிடுவார்கள். கழற்றவும் முடியாது, கழுவவும் முடியாது. அடியில் சோறு தங்கி ஈறு அழுகும். அப்புறம் நல்ல பல்லும் ஆடும். அந்த நாற்றத்தோடு என்னிடம் வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

காரை எடுத்தால் பல் ஆடும் என்று பயமுறுத்துவதும் இவர்கள்தான். பல்லை ஆடவைப்பது காரை. முதலில் சுகர் பாருங்கள், காரை எடுங்கள், காப்பாற்ற முடியாத பல்லை மட்டும் எடுங்கள். பிரஷர் மாத்திரையைப் பல் எடுக்கும் அன்று காலையும் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு காலையில்தான், படகு கரை சேர்வதும் காலையில்தான். கடலோர மாவட்டத்தில் வாரம் ஒரு நாளாவது மாலையில் பல் பிரிவு திறக்கக் கூடாதா என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஒரு விதிவிலக்கு. இருதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு வால்வில் கிருமித் தொற்று வந்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கவனியுங்கள். வாயிலிருந்து போகும் கிருமி வால்வில் ஒட்டி வளர்ந்து, ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் அதுவே பக்கவாதம். இவர்கள் பல் எடுக்கவும் காரை எடுக்கவும் முன்பே, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள், ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும். சிறு வயதில் வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் இருதய மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை "பல் எடுக்கணும்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம். பல் எடுத்த இடத்து ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்தலாம், தேவைப்பட்டால் தையல் போடலாம். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. வாய் திடீரென்று ஒரு பக்கம் கோணினால் பல் கோளாறு என்று என்னிடம் ஓடி வருகிறார்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். அப்படி வாய் கோணினாலும், பேச்சு குழறினாலும், ஒரு கை துவண்டாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போகவே ஒரு மணி நேரம் ஆகும். அப்பா கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.