சொல் மறைந்தால் ஆய்வு மறையுமா?

வணக்கம். நான் முனைவர் பட்ட மாணவி. எய்ட்ஸ் ஆய்வுகள் வளர்ந்த விதத்தைப் பார்க்க, 1983 முதல் வந்த கட்டுரைகளின் தலைப்புகளையும் திறவுச்சொற்களையும் ஆண்டுவாரியாக எண்ணிவருகிறேன். ‘எச்டிஎல்வி-3’ என்ற சொல் 1986க்குப் பின் சரிகிறது, ‘எச்ஐவி’ சட்டென்று எழுகிறது. ஓர் ஆய்வுப்போக்கு முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று எழுதலாமா? சொல்லை எண்ணுவதே வீண்வேலை என்கிறார் உடன் படிக்கும் நண்பர்.

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அப்படி எழுதிவிடாதீர்கள். அங்கே மாறியது பெயர் மட்டும்தான். எய்ட்ஸை உண்டாக்கும் வைரஸைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் எல்ஏவி என்றார்கள். அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் குழு எச்டிஎல்வி-3 என்றது. இரண்டும் ஒன்றே என்று தெரிந்த பிறகு, 1986ல் ஒரு பன்னாட்டுக் குழு எச்ஐவி என்ற பொதுப்பெயரைப் பரிந்துரைத்தது. ஆய்வுக்கூடங்களில் வேலை நிற்கவே இல்லை.

ஆகவே எண்ணுவதற்கு முன் ஒரே பொருளுடைய பெயர்களை ஒன்றாக்கும் பட்டியல் வேண்டும். சுருக்கப்பெயர், ஒருமை பன்மை எல்லாம் அதில் அடங்கும். ஆனால் மூலத்தில் கைவைக்காமல் ஒரு நகலில் செய்யுங்கள். 1985ல் யார் எந்தப் பெயரை எழுதினார்கள் என்பதற்குள் கண்டுபிடிப்பு யாருடையது என்ற பெரிய சண்டையே இருக்கிறது. பெயர்களை ஒன்றாக்கினால் அது கண்ணில் படாமல் போய்விடும்.

சரி, உங்கள் நண்பருக்கு வருகிறேன். தனிச்சொல்லை எண்ணுவதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்றால் ஒப்புக்கொள்வேன். எந்தச் சொல் எதனுடன் சேர்ந்து வருகிறது என்று பார்ப்பது வேறு விஷயம். பிரான்சில் சமூகவியலாளர் மிஷேல் காலோனும் கூட்டாளிகளும் 1983லேயே இதை ஒரு முறையாக முன்வைத்தார்கள். ஒரு சொல் 100 கட்டுரைகளில், இன்னொன்று 40ல், இரண்டும் சேர்ந்து 20ல் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். 20ன் வர்க்கம் 400. அதை 100, 40 இரண்டின் பெருக்குத்தொகையான 4000ஆல் வகுத்தால் 0.1. இதுதான் அந்த இரு சொற்களின் நெருக்கம். எங்கும் தலைகாட்டும் பொதுச்சொல் எல்லாவற்றுடனும் ஒட்டிக்கொண்டு, சொற்களின் நெருக்கத்தைக் காட்டும் படத்தைக் கெடுக்காமல் இருக்கவே இந்த வகுத்தல்.

இதை ஆண்டுத் துண்டுகளாகச் செய்துபாருங்கள். வைரஸ் அதேதான், அதன் பக்கத்துவீட்டுக்காரர்கள் மாறுவார்கள். தொடக்கத்தில் கபோசி சார்கோமா என்ற புற்றுநோயும் நியுமோனியாவும் அருகில் இருக்கும். 1987ல் அமெரிக்காவில் ஏஇசட்டி என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்ததும் மருந்துப் பெயர்கள் குடிவரும். 1996ஐ ஒட்டிக் கூட்டுமருந்துச் சிகிச்சை பரவியது. நோயாளி பல்லாண்டு வாழத் தொடங்கினார். அப்புறம் மருந்தைத் தவறாமல் உட்கொள்ளுதல், மருந்து எதிர்ப்பு ஆகியவை வந்து அமர்வதைப் பார்ப்பீர்கள். ஒரு துறை திரும்புவது இப்படித்தான் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு இதைப் பார்க்க ஒருபோதும் அலுத்ததில்லை.

ஓர் எச்சரிக்கை. வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்தில் கட்டுரைச் சுருக்கங்களும் ஆசிரியர் தரும் திறவுச்சொற்களும் 1991ஐ ஒட்டித்தான் பரவலாகச் சேர்கின்றன. அங்கிருந்து எடுத்தால் அந்த ஆண்டில் ஒரு துள்ளல் வரும். அது தரவுத்தளத்தின் துள்ளல், துறையினுடையது அல்ல. எந்தத் துள்ளலைக் கண்டாலும் அதற்கு முன்னும் பின்னுமாகப் பத்துப் பத்துக் கட்டுரைகளை எடுத்துப் படித்துவிட்டே எழுதுங்கள்.

1986ஐ ஒட்டிய படத்தை மட்டும் இரண்டு முறை வரையுங்கள், பெயர்களைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. ஆய்வேட்டில் இரண்டுமே இடம்பெறட்டும்.

அன்புடன்