சுவரில் பதிக்கும் கடல் மீன் தொட்டி: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்

தருமபுரியில் எங்கள் வீட்டு ஹால் சுவரில் நான்கடி கடல் தொட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டி, ஸ்டாண்டு, சம்ப் (தொட்டிக்குக் கீழே தண்ணீரைச் சுத்தம் செய்யும் சின்னத் தொட்டி), குழாய் வேலை எல்லாம் நானே செய்தது. வந்து பார்த்தவர்களும் கேள்விப்பட்டவர்களும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கணக்கு வரும் இடமெல்லாம் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட தொட்டிக்கு.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி: ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் வைக்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. சுவரில் தெரிவது ஒரு ஜன்னல்தான். தொட்டி உட்காருவது பின்னால் உள்ள அறையில். அங்கே பம்ப் சத்தம், ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) வாடை, நாள் முழுக்க ஈரம், உப்புத் தெறிப்பு எல்லாம் இருக்கும். ஸ்டோர் ரூம், துணி துவைக்கும் இடம், மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை, இப்படி ஏதாவது சுவருக்குப் பின்னால் இருந்தால் அந்தச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். தரையில் தண்ணீர் போக்கு வேண்டும், டைல்ஸ் வேண்டும், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம்.

தொட்டியின் மேல் விளிம்புக்கும் கூரைக்கும் நடுவில் ஒன்றரை அடியாவது காலி இடம் விடுங்கள். தோள் வரை கையை விட்டு அடிமணலைத் தொட முடிகிறதா என்று வெறும் தொட்டியிலேயே நின்று பாருங்கள். முடியவில்லை என்றால், மூலையில் ஒரு மீன் செத்தாலும் எடுக்க முடியாது. முன்பக்க அழகுக்காகப் பின்பக்க இடத்தைச் சுருக்கியவர்கள் ஒரு வருஷத்துக்குள் தொட்டியைக் காலி செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

காவேரிப்பட்டணம், பழைய வீட்டுக்காரர்: ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். கொத்தனார் இடித்துவிடலாம் என்கிறார். இடிக்கலாமா?

முதலில் அந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறதா என்று ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் ஐயா. பில்லர் போட்டுக் கட்டிய புது வீடு என்றால் நடுச்சுவர் பெரும்பாலும் வெறும் மறைப்புதான். பழைய வீடுகளில் அப்படியில்லை, கூரையின் பாரம் சுவர்மேல்தான் நிற்கும். அங்கே முட்டுக் கொடுத்து, லின்டல் போட்டு, அது இறுகிய பிறகுதான் கீழே உள்ள செங்கலை எடுக்க வேண்டும். லின்டல் இரண்டு பக்கமும் சுவருக்குள் முக்கால் அடியாவது உட்கார்ந்திருக்கட்டும்.

தொட்டியைச் சுவர்மேல் ஏற்றவே கூடாது. அதன் எடை முழுக்கத் தனி ஸ்டாண்டில் இருக்க வேண்டும். ஓட்டையைக் கண்ணாடியைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் சின்னதாக வெட்டினால் மேலே நீர் மட்டமும் கீழே மணல் விளிம்பும் மறைந்துவிடும். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவில் சிமெண்ட் போட்டு அடைக்காதீர்கள். சன்னமான ஸ்பாஞ்ச் பட்டை போதும். முன்னால் வரும் சட்டம் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும்.

ஓசூர், அபார்ட்மெண்ட், மூன்றாவது மாடி: எடை தாங்குமா சார்?

கணக்குப் பாருங்கள். தண்ணீர் 450 லிட்டர், 12 மில்லிமீட்டர் கண்ணாடி 90 கிலோ, பாறையும் மணலும் 80 கிலோ. ஆக 620 கிலோ, ஸ்டாண்டும் சம்பும் சேர்க்காமலே. இது எட்டுச் சதுர அடியில் நிற்கிறது. வீட்டுத் தளங்களை ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைப்பார்கள். நம் தொட்டி அதைப் போல நான்கு மடங்குக்கு மேல். பீம் எங்கே ஓடுகிறது என்று வரைபடத்தில் பார்த்து, கட்டட இன்ஜினியர் எழுத்தில் கொடுத்தால் வையுங்கள். இல்லையென்றால் இரண்டடித் தொட்டியோடு நிறுத்துங்கள்.

கிருஷ்ணகிரி: எங்கள் ஊரில் கிரானைட்டுக்குப் பஞ்சமே இல்லை. அதையே ஸ்டாண்டுக்குப் போடலாமா?

தாராளமாக. உப்புக் காற்றில் இரும்பு ஸ்டாண்டு துருப்பிடிக்கும், பவுடர் கோட்டிங் ஒரு கீறல் விழும்வரைதான். சாலிட் பிளாக்கில் மூன்று கால்கள் எழுப்பி மேலே கிரானைட் பலகை போடுவது நம் பக்கத்துக்கு ஏற்ற வழி. இரண்டு முனையில் மட்டும் தாங்கல் கொடுத்தால் கல் நடுவில் வெடிக்கும். அதனால்தான் மூன்றாவது கால். கால்களுக்கு இடையில் சம்பை நுழைத்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

கல்லின் மட்டத்தை ரசமட்டத்தில் மட்டும் பார்க்காமல், கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபில் நான்கு மூலையும் பாருங்கள். மேலே அரை அங்குலத் தெர்மாகோல். அதன்மேல் தொட்டி.

கண்ணாடிகளை ஒட்டிய சிலிகான் காய ஒரு வாரம் கொடுங்கள். பூஞ்சை தடுக்கும் பாத்ரூம் சிலிகான் ஆகாது, அதில் உள்ள மருந்து மீனுக்கு விஷம். பிறகு தொட்டியைச் சுவரில் பொருத்தும் முன்பே வெளியே வைத்து நல்ல தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவுகூடத் தாளில் வட்டமாக ஊறித் தெரியும்.

பென்னாகரம்: எங்கள் போர் தண்ணீரே உப்பு. ஃப்ளோரைடு வேறு. ஒகேனக்கல் தண்ணீர் பிடித்து ஊற்றலாமா?

நம் இரண்டு மாவட்டத்திலும் ஃப்ளோரைடு என்றதும் எல்லோருக்கும் பயம், அதில் நியாயம் இருக்கிறது. அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் கடல் தண்ணீரிலேயே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இயற்கையாக உண்டு. தொட்டிக்கு உண்மையான தொல்லை போர் தண்ணீரில் கூடவே வரும் கடினத்தன்மை, நைட்ரேட், சிலிக்கேட் இவைதான். பாசி பிடித்துக் கண்ணாடி பழுப்பாகும். போரில் உள்ள உப்பு கடல் உப்பும் அல்ல. ஒகேனக்கல் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதையும் அப்படியே ஊற்ற முடியாது.

இரண்டில் எதை எடுத்தாலும் ஆர்.ஓ.வும் அதற்குப் பின்னால், மிச்சம் கரைந்திருப்பதையும் இழுத்துக்கொள்ளும் டி.ஐ. ரெசினும் வேண்டும். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். சமையலறை ஆர்.ஓ.வில் ருசிக்காகத் தாது சேர்க்கிறார்கள், அதனால் அது பூஜ்யத்துக்கு வராது. இன்னொன்று: ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீரில் ஃப்ளோரைடு இன்னும் அடர்த்தியாக இருக்கும். தரை கழுவுங்கள், மாட்டுக்குக் காட்டாதீர்கள்.

அரூரிலிருந்து ஒரு அக்கா: உப்பு பாக்கெட் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. கல் உப்பு போட்டால் என்ன?

அக்கா, கடலில் கரைந்திருக்கும் உப்புகளில் சோடியம் குளோரைடு முக்கால் பங்குக்குச் சற்று மேல். மிச்சத்தில்தான் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம். உப்பளத்தில் உப்பு படியும்போது மெக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் மிஞ்சி நிற்கும் கசப்பு நீரோடு போய்விடும். அதனால் கல் உப்பைக் கரைத்தால் உவர்ப்பு வரும், கடல் வராது. கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்புதான் வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 36 கிராம். சம்பையும் சேர்த்து 500 லிட்டர் என்றால் 18 கிலோ. உப்பின் அடர்த்தியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 அல்லது 1.026 வந்தால் சரி.

ஊத்தங்கரை: ராமேஸ்வரம் போகும்போது பவளப் பாறை கொஞ்சம் எடுத்து வரலாம் என்றிருக்கிறேன்.

தயவுசெய்து எடுக்காதீர்கள். கல் பவளங்கள் அத்தனையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டவை. புலிக்கு உள்ள அதே அட்டவணை. கரையில் ஒதுங்கிய செத்த துண்டு என்றாலும் சட்டம் ஒன்றுதான். சட்டத்தை விடுங்கள், மன்னார் வளைகுடாவில் பவளத் திட்டுகளை 21 தீவுகளோடு தேசியப் பூங்காவாக வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது, நம் ஹால் சுவருக்காக ஒரு துண்டைப் பெயர்த்து வருவது எனக்கு மனசாரப் பிடிக்கவில்லை.

என் தொட்டியில் இருப்பது செராமிக் பாறை. ஆறு மாதத்தில் ஊதாப் பாசி ஏறி, யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. உயிருள்ளதாக வேண்டும் என்றால் மென்பவளங்களைப் பாருங்கள், ஆனால் இறக்குமதி ஆவணம் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். மீனிலும் பண்ணையில் பொரித்த கோமாளி மீனையே (பிள்ளைகள் சொல்லும் நிமோ) கேளுங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இதன் குஞ்சு உற்பத்தி முறையை நன்றாகவே கொண்டுவந்திருக்கிறார்கள். தொட்டியிலேயே பிறந்த மீன் உலர் தீனியை உடனே சாப்பிடும், சீக்கிரம் பயப்படாது.

பாறையில் பூப்போல விரியும் ஜோவாந்தஸ், பேலித்தோவா என்ற பவளம் போன்ற உயிர்களை வெறும் கையால் தொடாதீர்கள். சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. பாறையில் ஒட்டியிருக்கிறதே என்று வெந்நீர் ஊற்றுவதோ கொதிக்க வைப்பதோ கூடவே கூடாது, ஆவியே ஆளைச் சாய்த்துவிடும்.

மொரப்பூர்: ஏப்ரல், மே வெயிலில் என்ன செய்வீர்கள்?

26 டிகிரியில் வைத்திருக்க வேண்டிய தண்ணீர், வெளியே நாற்பதைத் தொடும்போது தானாக நிற்காது. ஆனால் நம் ஊரின் காய்ந்த காற்று ஒரு வசதி. நீர்ப்பரப்பின்மேல் சின்ன ஃபேன் இரண்டு ஓடினால் 2, 3 டிகிரி குறையும். சென்னைக்காரர்களுக்கு அவ்வளவு குறையாது. ஓசூர்ப் பக்கம் ஃபேனே போதுமாக இருக்கும் நாட்கள் நிறைய. தருமபுரியில் கோடைக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வேண்டும், கால் ஹெச்.பி.யிலிருந்து பாருங்கள். சில்லரைப் பின் அறையில் அடைத்து வைத்தால் அது கக்கும் சூட்டைத் தொட்டியே திரும்ப வாங்கும். ஜன்னலுக்கு வெளியே, நிழலில் வையுங்கள்.

ஃபேன் ஓடும்போது தினமும் ஐந்து லிட்டர்கூட ஆவியாகும். உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், உப்புக் கரைசல் அல்ல. தானியங்கி மிதவை வைத்தால் அதை 20 லிட்டர் கேனோடு இணையுங்கள், மாடித் தொட்டிக் குழாயோடு வேண்டாம். மிதவை சிக்கிக்கொண்டால் கேன் காலியாவதோடு போகும்.

பர்கூர்: மாதாந்திர பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் கரண்ட் வருகிறது. தாங்குமா?

சில்லர் இல்லாமல் ஒரு பகல் தாங்கும், அசைவு இல்லாமல் தாங்காது. உப்பு நீரில் ஆக்சிஜன் குறைவு, சூடானால் இன்னும் குறைவு. 150 ஏ.ஹெச். பேட்டரி உள்ள வீட்டு இன்வெர்ட்டரில் தண்ணீரை அசைக்கும் வேவ்மேக்கரையும், சம்பிலிருந்து மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பையும் மட்டும் போடுங்கள். இரண்டும் சேர்ந்து 70 வாட் என்றால் பகல் முழுக்க ஓடும்.

கரண்ட் போகும்போது மேல் தொட்டியிலிருந்து எவ்வளவு தண்ணீர் சம்புக்கு இறங்குகிறது என்பதுதான் வீட்டை நனைக்கும் விஷயம். மேலே 2 சென்டிமீட்டர் இறங்கினாலே 15 லிட்டர், குழாயில் நிற்பது தனி. பொருத்தி முடித்ததும் பம்பை நிறுத்துங்கள். இறங்கி நின்ற பிறகு சம்பில் தண்ணீர் விளிம்புக்குக் கீழே மூன்று விரல் இடமாவது இருக்க வேண்டும். மறுபடி பம்பைப் போட்டு, ஓடும்போது உள்ள மட்டத்தில் மார்க்கரால் கோடு கிழியுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் என்றைக்கும் நிரப்பாதீர்கள். ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் (குழாய் தானாகத் தண்ணீரைக் கீழே இழுப்பது) அறுந்துவிடும். துளையில் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள்.

பின் அறை லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஒரு பிளக்கும் செருகக் கூடாது.

தருமபுரி, ஆறாம் வகுப்புத் தம்பி: நிமோவை எப்போது விடலாம் மாமா?

தண்ணீர் நிரப்பி இரண்டரை மாதம் கழித்து, கண்ணா. மீன் கழிவில் அமோனியா வரும். அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்ததும் அப்பாவிடம் சொல். நிமோ இரண்டை வாங்கி, வேறு சின்னத் தொட்டியில் ஒரு மாதம் வைத்து, வெள்ளைப் புள்ளி நோய் இல்லை என்று பார்த்துவிட்டு விடலாம்.

காரிமங்கலம்: வாராவாரம் மாற்றும் தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா?

விடாதீர்கள். வாரம் 45 லிட்டர் மாற்றினால் அதில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பு. தென்னை தாங்கும் என்று சொல்லிக்கொண்டே ஊற்றினால் ஒரே இடத்தில் வருஷத்துக்கு 80 கிலோ சேரும். மழை குறைந்த நம் மண்ணில் அது கழுவிக்கொண்டு போகாது, பக்கத்து மாமரத்தையும் பிடிக்கும். கிணறு, ஏரி, வாய்க்கால் பக்கமும் போகக் கூடாது. பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் அதில் விடுங்கள். இல்லாதவர்கள் மொட்டை மாடியில் அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் காய வைக்கலாம், நம் வெயிலுக்கு நன்றாகவே காயும். மிஞ்சும் உப்பைச் சுரண்டி மூட்டையில் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். சமையலுக்கு வேண்டாம்.