கேள்வி நேரம்

கேள்வி: எங்கள் உள்ளூர் வானொலியின் மூன்று நிமிடச் செய்தி தினமும் மணியைத் தாண்டிவிடுகிறது. ஏன்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பெரும்பாலும் எண்களால்தான். தாளில் 148,750 ஒரே சொல். வாசித்தால் 'ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது'. அதை 'ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரிங்கிட்' என எழுத்தால் எழுதிக்கொடுங்கள்.

180 விநாடியில் தொடக்கம், முடிவுக்கு 20, வானிலைக்கு 20 போக மிஞ்சுவது 140. தலா 25 விநாடியில் ஐந்து செய்திகள் போதும். மீதி 15 விநாடி மூச்சுவிட. வாசிப்பவரே சத்தமாக வாசித்துக் கடிகாரத்தில் அளக்கட்டும், மனத்துக்குள் வாசித்தால் கணக்குத் தப்பும். கடைசிச் செய்தி வெட்டக்கூடியதாக இருக்கட்டும். வானிலையை வெட்டாதீர்கள்! பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர்களுக்கு மழைச்செய்திதான் முக்கியம்; அதனால் காலைச் செய்தி பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுப்பதற்கு, முன்பே ஒலிக்க வேண்டும்.