8 லட்சம் கட்டி டைரக்‌ஷன் படிக்கலாமா?

ரெட்டிச்சாவடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 23. புதுச்சேரியில் பி.காம். முடித்துவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடுக்கிறார். எடிட்டிங்கும் அவரே. சினிமா டைரக்டர் ஆக வேண்டும் என்பது ஆசை. சென்னையில் ஒரு தனியார் ஃபிலிம் ஸ்கூல் ஒரு வருட டைரக்‌ஷன் படிப்புக்கு 8 லட்சம் ரூபாய் கேட்கிறது. அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், பத்தாவதைத் தாண்டாதவர். ஒரு மனையை விற்றுத் தருகிறேன் என்கிறாராம். தங்கை ப்ளஸ் டூ. "சேரலாமா? சேர்ந்தால் சென்னையா, பூனாவா? இல்லை, நேராக உதவி இயக்குநராகப் போய்விடலாமா?"

தம்பி, மனையை விற்க வேண்டாம். அப்பா மனசு மாறுவதற்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மாறட்டும், நல்லதுதான். அந்த மனை உங்கள் தங்கையின் படிப்புக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது.

படிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த வேலைக்குப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஒலிப்பதிவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போய்ப் படியுங்கள் என்பேன். அந்த வேலைக்கான ஸ்டூடியோவும் மைக்கும் காதுப் பயிற்சியும் வீட்டில் உட்கார்ந்து கிடைக்காது. 2009இல் ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி, மத்திய அரசின் பூனா ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் ஒலி படித்தவர். ஒளிப்பதிவுக்கும் படிப்பு கைகொடுக்கும். பாலு மகேந்திரா பூனாவில் படித்தார், பி.சி. ஸ்ரீராம் சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்தார். ஆனால் ஸ்ரீராமிடம் உதவியாளராக இருந்தே ஒளிப்பதிவாளர் ஆனவர்களும் இருக்கிறார்கள், கே.வி. ஆனந்த் மாதிரி.

டைரக்‌ஷனுக்கு வந்தால் கணக்கே வேறு. மணிரத்னம் எம்.பி.ஏ. படித்தவர். லோகேஷ் கனகராஜ் வங்கியில் வேலை பார்த்தார். பா. ரஞ்சித் கவின் கலைக் கல்லூரி. கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி வழியாக வந்தவர்கள். உங்கள் ஊர்க் கணக்கில் பார்த்தால் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர், 1960களில் சொந்தமாகப் படம் இயக்கி தேசிய விருதும் வாங்கினார். கடலூரில் பிறந்த வெற்றிமாறன், பாலு மகேந்திராவிடம் உதவியாளராக இருந்து வந்தார். தமிழில் தயாரிப்பாளர் யாரும் இயக்குநரிடம் சர்டிஃபிகேட் கேட்பதில்லை. கதை கேட்பார்கள், அப்புறம் இதுவரை எடுத்ததைக் காட்டு என்பார்கள். அவ்வளவுதான்.

அப்படியானால் நல்ல ஃபிலிம் ஸ்கூலில் என்னதான் கிடைக்கிறது? கூடப் படிக்கிறவர்கள். உங்கள் வயதிலேயே ஒரு கேமராமேன், ஒரு எடிட்டர், ஒரு சவுண்ட் ஆள். மூன்று வருடம் ஒன்றாகச் சண்டை போட்டு, ஒன்றாகப் படம் எடுத்துப் பழகியவர்கள் பின்னால் ஒன்றாகவே வேலைக்கு இறங்குவார்கள். அதனால்தான் டைரக்‌ஷன் மட்டும் சொல்லிக்கொடுக்கிற, முப்பது பேரும் டைரக்டர் ஆக வந்திருக்கிற வகுப்பைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். அங்கே யார் யாருக்குக் கேமரா பிடிப்பார்கள்?

இப்போது பணம். 8 லட்சத்தை 12 சதவீத வட்டிக்கு ஐந்து வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 17,800 ரூபாய் வரும். படித்து வெளியே வந்ததும் நீங்கள் போய் நிற்கப்போவது உதவி இயக்குநர் வேலைக்குத்தான். புதிதாகச் சேரும் உதவியாளருக்குப் பல கம்பெனிகளில் பேட்டா மட்டும்தான், அதுவும் ஷூட்டிங் நடக்கிற நாளில். தவணை எங்கிருந்து கட்டுவீர்கள்? இன்னொன்றும் கவனியுங்கள். வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் தருகிறார்கள். ஆனால் படிப்பு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். தனியார் சர்டிஃபிகேட் படிப்புகள் பெரும்பாலும் இதற்குள் வராது. அதனால்தான் பேச்சு கடைசியில் மனையில் வந்து நிற்கிறது.

அந்தப் பள்ளியை எனக்குத் தெரியாது, அதனால் மோசம் என்று சொல்லமாட்டேன். ராஜீவ் மேனன் தொடங்கிய மைண்ட்ஸ்கிரீன் மாதிரி தொழிலில் இருப்பவர்கள் நடத்தும் இடங்கள் சென்னையில் இருக்கின்றன. ஆனால் எந்தத் தனியார் இடமானாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் நேரில் போங்கள். வரவேற்பறையில் ஓடும் டிரெய்லரைப் பார்த்துவிட்டு வரக்கூடாது. போன பேட்ச் எடுத்த டிப்ளமோ படங்களை முழுசாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைசியில் ஓடும் பெயர்களைப் பாருங்கள். முப்பது பேர் படித்த வகுப்பில் ஐந்து படம்தான் எடுத்திருக்கிறார்கள் என்றால் இருபத்தைந்து பேர் வேடிக்கை பார்க்கப் பணம் கட்டியிருக்கிறார்கள். படத்தின் செலவு ஃபீஸிலேயே அடக்கமா, தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். நடிகர்கள், சாப்பாடு, லொக்கேஷன் வாடகை எல்லாம் மாணவர் தலையில் விழுகிற இடங்கள் உண்டு. பிரோஷரில் போட்டோ இருக்கிற பெரிய இயக்குநர் எத்தனை வகுப்பு எடுத்தார் என்று ஆபீசில் கேட்காதீர்கள். வெளியே டீக்கடையில் நிற்கும் மாணவர்களைக் கேளுங்கள். சினிமா தொழிலாளர் சங்க உறுப்பினர் அட்டை (யூனியன் கார்டு) வாங்கித் தருகிறோம், படத்தில் சேர்த்துவிடுகிறோம் என்று வாயால் சொன்னால் டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுங்கள்.

சரி, அரசு இடங்கள். தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கும் திரைப்படக் கல்லூரி ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கான நான்கு வருடப் பட்டப்படிப்பு. ஃபீஸ் குறைவு. ஆனால் உங்களுக்கு இது இரண்டாவது பட்டமாகிவிடும், வயது வரம்பும் இருக்கிறது. ஒளிப்பதிவு மாதிரிப் பிரிவுகளுக்கு ப்ளஸ் டூவில் அறிவியல் பாடம் கேட்பது வழக்கம், காமர்ஸ் படித்தவருக்கு அந்த வழி அடைபடும். தங்கைக்கு ஆர்வம் இருந்தால் அவளுக்குச் சொல்லுங்கள், அவளுக்குத்தான் இது சரியான நேரம்.

பூனா இன்ஸ்டிட்யூட் 1960இல் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கியது. கல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரில் உள்ளது 1995இல் வந்தது. இரண்டிலும் மூன்று வருட டைரக்‌ஷன் படிப்புக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், உங்கள் பி.காம். செல்லும். ஒரு துறைக்குப் பத்துப் பன்னிரண்டு இடங்கள்தான். எழுத்துத் தேர்வு, அதைத் தாண்டினால் நேர்முகம். தமிழில் எழுத முடியாது என்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் விண்ணப்பமே போடுவதில்லை. இலக்கண சுத்தமான இங்கிலீஷ் அங்கே யாருக்கும் தேவையில்லை. பார்த்த படத்தை, பார்த்த மனிதரைப் பற்றிச் சொந்தமாக நாலு வரி எழுதத் தெரிய வேண்டும். கேரளத்தில் கோட்டயம் பக்கம் கே.ஆர். நாராயணன் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது வேறொன்று. வெற்றிமாறன் சென்னையில் தொடங்கியிருக்கும் திரை-பண்பாட்டு ஆய்வகம், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வருகிறவர்களுக்கும் கட்டணம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறது. உங்கள் வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்று தெரிகிறது. தேர்வு கடுமையாக இருக்கும், வயது வரம்பும் உண்டு, ஆகவே தள்ளிப்போடாமல் இந்த வருடமே போடுங்கள்.

புதுச்சேரியை ஏன் நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று தெரியவில்லை. காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்தில் மின்னணு ஊடகம், மக்கள் தொடர்பியல் துறை இருக்கிறது. அதே வளாகத்தில் நாடகத்துக்கும் முதுகலை உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கிய நிகழ்கலைப் பள்ளி அது, இந்திரா பார்த்தசாரதி அதன் முதல் இயக்குநர். முதுகலைச் சேர்க்கை க்யூட் என்கிற பொது நுழைவுத் தேர்வு வழியாக. ஃபீஸ் உங்கள் சம்பளத்திலேயே கட்டிவிடக்கூடிய அளவு, வீட்டிலிருந்தே போய் வரலாம். என்னைக் கேட்டால் உங்களுக்கு மின்னணு ஊடகத்தைவிட நாடகம்தான் நல்லது. கேமராவும் எடிட்டிங்கும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. நடிகரை என்ன சொல்லி நடிக்க வைப்பது என்பது உங்களுக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

எங்கே சேர்வது என்று முடிவு செய்வதற்கு முன் நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, ஸ்டூடியோவில் கேமரா சும்மா இருக்கும். முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கடையிலேயே ஒரு காட்சி: பழைய பாக்கி வைத்திருக்கிற மேஸ்திரி மறுபடியும் சிமென்ட் கேட்டு வருகிறார், கடைக்காரருக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பேர், மூன்று நிமிடம். கேமரா ஆடாமல் பிடிக்கிற கிம்பல் கூடாது, ஸ்லோ மோஷன் கூடாது, ட்ரோன் கூடாது, பாட்டு கூடவே கூடாது. அங்கேயே பேசுகிற வசனத்தை அங்கேயே பதிவு செய்யுங்கள்.

எடிட்டில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று இப்போதே சொல்கிறேன். கடலூர்–புதுச்சேரி சாலையில் போகிற பஸ்களின் ஹாரன் ஒவ்வொரு ஷாட்டிலும் வேறு வேறு இடத்தில் அடிக்கும், வெட்டி ஒட்டவே முடியாது. கடைக்காரர் க்ளோஸப்பையும் மேஸ்திரி க்ளோஸப்பையும் அடுத்தடுத்து வைத்தால், ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். கேமராவைக் கல்லாவுக்கு அந்தப்பக்கம் மாற்றி வைத்து ஆக்ஸிஸை, அதாவது பேசுகிற இரண்டு பேரையும் இணைக்கிற கற்பனைக் கோட்டை, தாண்டியிருப்பீர்கள். கல்யாணத்தில் இந்தச் சிக்கல் வராது, பாட்டு எல்லாவற்றையும் மூடிவிடும். டீ டம்ளர் ஒரு ஷாட்டில் நிறைய இருக்கும், அடுத்ததில் பாதி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேஸ்திரியாக நடித்த நண்பர் வசனத்தை ஒப்பித்திருப்பார்.

இதை அப்படியே போட்டுவைத்துவிட்டு, சில நாள் கழித்து அதே காட்சியை மறுபடி எடுங்கள். இரண்டாவது முறை எதைச் சரி செய்யத் துடித்தீர்கள் என்று கவனியுங்கள். ஹாரன் சத்தம்தான் உங்களைத் தூங்கவிடவில்லை என்றால் ஒலிப்பதிவுப் பக்கம் போவதைப் பற்றி யோசிக்கலாம். நண்பரின் ஒப்பிப்புதான் உறுத்தியது, அவரிடம் வேறு மாதிரிப் பேசிப்பார்த்தீர்கள் என்றால் டைரக்‌ஷன் ஆசை வெறும் பெயர் ஆசை இல்லை. வெட்டி ஒட்டுவதிலேயே ராத்திரி போனது தெரியவில்லை என்றால், நீங்கள் எடிட்டர். ஸ்ரீகர் பிரசாத் எந்த ஃபிலிம் ஸ்கூலுக்கும் போனதில்லை, எடிட்டரான அப்பாவிடம் கற்றுக்கொண்டவர்.

உதவி இயக்குநராகப் போவதைப் பற்றி. கதை டிஸ்கஷன், லொக்கேஷன் பார்ப்பது, கிளாப் அடிப்பது, ஷாட்டுக்கு ஷாட் எது எப்படி இருந்தது என்று கன்டினியூட்டி எழுதுவது, டப்பிங் என்று ஒரு படத்தை முழுசாகக் கூடவே இருந்து பார்க்கலாம். நல்ல இயக்குநர் கிடைத்தால் அதைவிடப் பெரிய பள்ளி இல்லை. ஆனால் டைரக்டர் ஆபீஸ் வாசலில் உங்களைப்போல் நிற்பவர்கள் ஏராளம், சாலிகிராமத்தில் நாலு பேரோடு ரூம் எடுத்துக் காத்திருப்பதிலேயே வருடங்கள் ஓடிவிடும். உங்களுக்கு அதைவிட நல்ல கதவு ஒன்று இருக்கிறது: ஸ்பாட் எடிட்டிங். ஷூட்டிங் நடக்கும்போதே மானிட்டர் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, எடுத்த ஷாட்களைச் சுடச்சுட அடுக்கிக் காட்டுகிற வேலை. டைரக்டர் எந்த டேக்கை ஏன் ஓகே செய்தார், எந்த ஷாட் விட்டுப்போச்சு, இவையெல்லாம் கண்ணெதிரே நடக்கும். கிளாப் அடிக்கிற பையனுக்கு டைரக்டர் பக்கத்தில் உட்கார மாதக்கணக்காகும், ஸ்பாட் எடிட்டர் முதல் நாளே உட்காருவார், சம்பளமும் உண்டு. கல்யாண ஹைலைட்ஸை மண்டபத்திலேயே வெட்டி ரிசப்ஷனில் போட்டுக் காட்டிய கைக்கு இந்த வேலை கஷ்டமில்லை. டைரக்டர்களைத் தேடுவதைவிட, சென்னை எடிட்டர்களின் ஆபீசில் அந்தக் கடைக் காட்சியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இந்த மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கேரள சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும், டெலிகேட் பாஸ் எடுத்து ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். புதுச்சேரியிலேயே நவதர்ஷன் திரைப்படக் கழகமும் அலியான்ஸ் பிரான்சேஸும் அரசோடு சேர்ந்து வருடாவருடம் விழா நடத்துகின்றன, சங்கரதாஸ் சுவாமிகள் விருது கொடுப்பது அங்கேதான். பெரும்பாலும் அனுமதி இலவசம், நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கும்.

கடைசியாக ஒரு ஆபீஸ் விஷயம். ரெட்டிச்சாவடியில் இருந்துகொண்டு புதுச்சேரியில் படித்தவர்களுக்கு விண்ணப்பம் போடும்போது குழப்பம் வரும். உங்கள் இருப்பிடம் தமிழ்நாடு, கல்லூரி புதுச்சேரி. நேட்டிவிட்டி, சாதி, வருமானச் சான்றிதழ்கள் மூன்றும் கடலூர் தாலுகாவில் வாங்கியவையாக இருக்க வேண்டும், ஆதார் முகவரியும் அதோடு ஒத்துப்போக வேண்டும். மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனிப் படிவத்தில் கேட்பார்கள், மாநிலச் சான்றிதழை வைத்து ஒப்பேற்ற முடியாது. அறிவிப்பு வந்தபிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் நாள் போதாது, இப்போதே எழுதிப் போட்டுவிடுங்கள்.