வாசகர் கேள்வி பதில்: ஹார்டுவேர் வாலட்டும் இருபத்து நான்கு சொற்களும்

கிரிப்டோ நாணயங்களைச் சொந்தப் பொறுப்பில் வைத்துக்கொள்ள உதவும் ஹார்டுவேர் வாலட் என்னும் சிறு கருவியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பத்தி மட்டும் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்திருப்பதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

இணையச் சந்தையில் ஒருவரிடமிருந்து, வழக்கமான விலையைவிடக் குறைவாக ஒரு ஹார்டுவேர் வாலட் வாங்கினேன். பெட்டிக்குள் கருவியோடு, சுரண்டிப் பார்க்கும் அட்டை ஒன்றும் இருந்தது. சுரண்டினால் 24 ஆங்கிலச் சொற்கள் தெரிகின்றன. அவற்றைக் கருவியில் உள்ளிட்டுப் பயன்படுத்தும்படி அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. அப்படிச் செய்யலாமா ஐயா?
– கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வாசகர், செவ்வாய்ப்பேட்டை

செய்யாதீர்கள். சோதித்துப் பார்ப்பதற்காகக்கூட அந்தக் கருவிக்கு எதையும் அனுப்பாதீர்கள்.

உங்கள் பிட்காயின் அந்தக் கருவிக்குள் இருப்பதில்லை. எந்த முகவரியில் (வங்கிக் கணக்கு எண்ணைப் போன்ற ஒரு நீண்ட எழுத்துக்கோவை) எவ்வளவு இருக்கிறது என்பது பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் பதிவாகியிருக்கிறது. அந்த முகவரியிலிருந்து நாணயத்தை நகர்த்தும் உரிமையைத் தரும் ரகசியச் சாவியை மட்டுமே கருவி பாதுகாக்கிறது. அந்தச் சாவிகள் அனைத்தும் மீட்புச் சொற்கள் எனப்படும், பொதுவாக 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களிலிருந்தே கணக்கிட்டுப் பெறப்படுகின்றன. ஆகவே அந்தச் சொற்களை அறிந்தவர் எவரும், கருவியைத் தொடாமலேயே, உலகின் எந்த மூலையிலிருந்தும் உங்கள் இருப்பை எடுத்துக்கொள்ள முடியும். உங்கள் அட்டையை அச்சிட்டவருக்கு அந்தச் சொற்கள் முன்பே தெரியும். இருப்பு ஓரளவு சேரும்வரை அவர் பொறுமையாகக் காத்திருப்பார், அவ்வளவுதான்.

முறையான கருவி எதுவும் சொற்களோடு வராது. முதல்முறை இயக்கும்போது அதுவே யாராலும் ஊகிக்க முடியாத எண் ஒன்றை உருவாக்கி, அதைச் சொற்களாக மாற்றி, தன் சிறு திரையில் மட்டும் காட்டும். பெட்டியின் முத்திரை உடையாமல் இருந்தது என்பதையும் பெரிதாக நம்பிவிட வேண்டாம். 2023-இல் காஸ்பர்ஸ்கி என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ட்ரெசர் என்னும் ஹார்டுவேர் வாலட்டின் போலி ஒன்றைப் பிரித்து ஆராய்ந்தார்கள். வெளித்தோற்றத்தில் அசலைப் போலவே இருந்த அது, புதிய சொற்களை உருவாக்குவதாகக் காட்டிக்கொண்டு, மோசடிக்காரர்கள் ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்த 20 சொற்றொகுதிகளில் ஒன்றையே கொடுத்துக்கொண்டிருந்தது. டச் (வெள்ளியின் தூய்மை) பார்க்காமல் ஒரு கிராம் வெள்ளியும் வாங்காத தொழிலில் இருக்கும் உங்களுக்கு, கருவியைத் தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்திலோ, அந்தத் தளமே பட்டியலிட்டுள்ள விற்பனையாளரிடமோ மட்டும் வாங்க வேண்டியதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

நல்ல கருவி கைக்கு வந்ததும், அதற்குரிய செயலியைத் தேடுபொறி விளம்பரத்தின் வழியாக அல்லாமல், தயாரிப்பாளரின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து இறக்கிக்கொள்ளுங்கள். அசல்தானா என்று சரிபார்க்கும் வசதி செயலியிலேயே இருக்கும். அதை முடித்து, கருவியின் மென்பொருளையும் புதுப்பித்த பிறகு, புதிய வாலட் உருவாக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். கருவியைத் திறப்பதற்கான ரகசிய எண்ணை, அதாவது பின் (PIN) எண்ணை, கருவியிலேயே அமையுங்கள். திரையில் ஒவ்வொன்றாக வரும் சொற்களை வரிசை எண்ணோடு பேனாவால் எழுதுங்கள். கைபேசியில் படம் எடுத்தால், நீங்கள் அறியாமலேயே அது இணையச் சேமிப்பிடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு ஹார்டுவேர் வாலட் வாங்கியதற்கே பொருள் இல்லை.

அடுத்த கட்டத்தைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். மிகச் சிறிய தொகை ஒன்றை வாலட்டுக்கு அனுப்பி, அது வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு, கருவிக்குள் பதிவானவற்றை முழுவதுமாக அழித்துவிடுங்கள். பின்னர் தாளைப் பார்த்துச் சொற்களை உள்ளிட்டு மீட்டெடுங்கள். அதே முகவரியும் அதே இருப்பும் திரும்ப வந்தால் மட்டுமே பெரிய தொகையை அனுப்பலாம். என் முதல் ஒத்திகையில் பதினேழாவது சொல்லை என்னாலேயே படிக்க முடியவில்லை. அது ஒத்திகையாக இருந்ததால், அழிந்துபோனது என் கையெழுத்தைப் பற்றி நான் வைத்திருந்த கர்வம் மட்டுமே.

எனக்குப் பிடித்த சொற்களை நானே தேர்ந்தெடுக்கலாமா? அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தால் திருடனுக்குப் புரியாதல்லவா?
– கல்லூரி மாணவர், கொண்டலாம்பட்டி

சொற்கள் 2048 கொண்ட நிலையான ஆங்கிலப் பட்டியல் ஒன்றிலிருந்து வருகின்றன. அதில் காபியும் மாம்பழமும் வெள்ளியும் எஃகும் அவற்றின் ஆங்கிலப் பெயர்களில் இடம்பெற்றிருப்பதைப் பார்க்கும்போது, பட்டியல் போட்டவர் ஒருநாள் சேலத்துக்கு வந்து போயிருப்பாரோ என்று தோன்றும். அதற்காக அவற்றைப் பொறுக்கிக் கோக்கக் கூடாது. 12 சொற்களே போதுமான பாதுகாப்பைத் தருவதற்குக் காரணம், அவற்றின் பின்னால் நிற்கும் வாய்ப்புகளின் எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்டதாக இருப்பதே. மனித மனம் விரும்பித் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பெருங்கடல் ஒரு குட்டையாகிவிடுகிறது. மேலும், கடைசிச் சொல்லுக்குள் சரிபார்ப்புக் குறியீடு ஒன்று பொதிந்திருப்பதால், மனம்போனபடி கோத்த வரிசையைக் கருவி பெரும்பாலும் ஏற்காது.

தமிழில் எழுதுவதும் ஆபத்தானதே. கடற்கரைக்கும் பேய்க்கும் உரிய இரண்டு ஆங்கிலச் சொற்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. தமிழில் இரண்டையும் ‘கோஸ்ட்’ என்றுதான் எழுதுவீர்கள். பத்து ஆண்டுகள் கழித்து எது கடற்கரை, எது பேய் என்று எப்படிச் சொல்வீர்கள்? ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், இடைவெளி விட்டு எழுதுங்கள்.

எங்கள் காபித் தோட்ட வீட்டில் மழைக்காலத்தில் பத்திரத் தாள்கள்கூடப் பூஞ்சை பிடித்துவிடுகின்றன. சொற்கள் எழுதிய தாளை எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், ஏற்காடு

சுமார் 1500 மீட்டர் உயரத்தில், மாதக்கணக்கில் மூடுபனிக்குள் இருக்கும் வீட்டில் தாளை நம்ப முடியாது என்று நீங்கள் அஞ்சுவது சரியே. மையும் கசியும், கரையானும் வரும். லேமினேஷன் செய்து தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும் கொடுத்துவிடாதீர்கள்; சொற்களை அவர் கண்ணில் காட்டியதாகிவிடும்.

இரும்பாலை இருக்கும் மாவட்டத்துக்காரர்களுக்கு எஃகைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. சாதாரணமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு ஏறத்தாழ 1400 பாகை செல்சியஸில்தான் உருகத் தொடங்கும். வீடு தீப்பற்றினாலும் பொதுவாக அந்த வெப்பம் எட்டப்படுவதில்லை. ஈரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தகட்டில் சொற்களைப் பதிப்பதற்கு, சுத்தியலால் தட்டிப் பதிக்கும் எழுத்து அச்சுகளை (பஞ்ச்) வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்துகளைப் பதித்தாலே போதும். சொல் மூன்றெழுத்தாக இருந்தால் அந்த மூன்றும் போதும். பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல இதையும் பாத்திரக் கடையில் கொடுத்து வெட்டிக்கொள்ளலாம் என்று ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். வேண்டவே வேண்டாம். அரை நாள் ஆனாலும், விரலில் ஓரிரண்டு அடி விழுந்தாலும், நீங்களே உட்கார்ந்து தட்டுங்கள்.

இரண்டு தகடுகள் செய்து, ஒன்றைத் தோட்ட வீட்டிலும் மற்றொன்றை மலையடிவாரத்தில், சேலத்தில் வங்கி லாக்கரிலோ நம்பிக்கையான உறவினர் வீட்டிலோ வைக்கலாம். ஆனால் முதல் 12 சொற்களை ஓரிடத்திலும் அடுத்த 12 சொற்களை வேறிடத்திலும் பிரித்து வைக்காதீர்கள். பாதி தொலைந்தால் முழுவதும் தொலைந்ததாகிவிடும். தொலைவதற்கான வாய்ப்பை இரட்டிப்பாக்குவதைத் தவிர அந்த ஏற்பாட்டினால் பெரிய பயன் இல்லை.

வாலட் நிறுவனத்தின் பெயரில் எனக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து சொற்களை உறுதிப்படுத்தாவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்கிறது. வீட்டு முகவரி சரியாக இருப்பதால் உண்மையாக இருக்குமோ என்று நினைக்கிறேன்.
– வாசகர், அம்மாப்பேட்டை

முகவரி சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது. 2020-இல் லெட்ஜர் என்னும் ஹார்டுவேர் வாலட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள் திருடப்பட்டு, ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை இணையத்தில் வெளியாகின. அதற்குப் பிறகு சிலருக்குப் போலிக் கடிதங்கள் மட்டுமல்ல, ‘மாற்றுக் கருவி’ என்ற பெயரில் போலிக் கருவிகளே தபாலில் வந்து சேர்ந்தன. உங்களுக்கு வந்திருப்பதும் அந்த வகைதான், கிழித்துப் போடுங்கள். ஹார்டுவேர் வாலட்டில் ‘முடக்கக்கூடிய கணக்கு’ என்று ஒன்றே கிடையாது. சொற்களை உள்ளிட வேண்டிய இடம் கருவி ஒன்றுதான். இணையப் பக்கம், கணினி, கைபேசிச் செயலி, தமிழில் இனிமையாகப் பேசும் சேவை மையக் குரல் என எது கேட்டாலும் கேட்பது திருடனே.

சாவி கருவிக்குள்ளேயே இருக்கிறது என்றால், இணைத்திருக்கும் கணினியில் வைரஸ் இருந்தாலும் கவலையில்லை அல்லவா?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

பாதி சரி. வைரஸால் சாவியை எடுக்க முடியாது. ஆனால் உங்களை ஏமாற்றி, தவறான பரிமாற்றத்துக்குக் கருவியில் கையொப்பமிட (ஒப்புதல் தர) வைக்க முடியும். நீங்கள் நகலெடுத்த முகவரியை, ஒட்டும் நேரத்தில் திருடனின் முகவரியாக மாற்றிவிடும் நிரல்கள் உண்டு. ஆகவே கணினித் திரையை நம்பாமல், கருவியின் திரையில் தெரியும் முகவரியையும் தொகையையும் முழுவதுமாகப் படித்த பிறகே ஒப்புதல் பொத்தானை அழுத்துங்கள். முகவரியின் முதல் நான்கு எழுத்துகளும் கடைசி நான்கும் பொருந்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். அவை மட்டும் பொருந்தும் போலி முகவரிகளை உருவாக்கி, உங்கள் பரிமாற்றப் பட்டியலில் இடம்பெறச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் பைபிட் என்னும் பெரிய எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் இணையச் சந்தை) ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் என்னும் கிரிப்டோ நாணயம் களவுபோனபோது, யாரும் சாவியைத் திருடவில்லை. ஒப்புதல் தருபவர்கள் பார்த்த இணையப் பக்கம் மாற்றப்பட்டிருந்தது. வழக்கமான பரிமாற்றம் என்று எண்ணி அவர்களே கையொப்பமிட்டார்கள். கருவியின் திரையில் புரியாத எழுத்துக்கோவை மட்டும் தெரிந்தால், அந்தப் பரிமாற்றத்தை மறுத்துவிடுவதே நல்லது.

என் கணவர் இப்படி ஒரு கருவி வைத்திருக்கிறார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. வங்கியில்போல இதற்கு நாமினி உண்டா?
– வாசகி, சூரமங்கலம்

இல்லை அம்மா. கேட்டதற்கு முதலில் நன்றி. ஆண்கள் எழுதிய இத்தனை கடிதங்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கிரிப்டோ நாணயம் ஒரு சொத்தே என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. ஆனால் எந்த நீதிமன்ற ஆணையாலும் தொலைந்த சொற்களைத் திரும்பப் பெற முடியாது. எனவே இப்படி ஒன்று இருக்கிறது, அது இன்னாருக்குச் சேர வேண்டும் என்று உயிலில் அவர் எழுதட்டும். சொற்களை மட்டும் உயிலில் எழுதக் கூடாது, ஏனெனில் பலர் கைபட்டுப் போகும் தாள் அது. கருவி எங்கே, தகடு எங்கே, எந்தச் செயலி, எந்தெந்த நாணயம் என்பதைத் தனிக் கடிதமாக எழுதி உங்களிடம் தரச் சொல்லுங்கள். சிலர் 24 சொற்களோடு கூடுதலாக ஒரு கடவுச்சொற்றொடரும் வைத்திருப்பார்கள். அது இருந்தால், சொற்கள் மட்டும் கிடைத்தால் காலி வாலட்தான் திறக்கும்; அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போதே ஒருமுறை நீங்களே மீட்டெடுத்துப் பாருங்கள்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து சொந்த வாலட்டுக்கு மாற்றினால் வரி மிச்சமாகுமா?
– வாசகர், ஆத்தூர்

ஆகாது. மாற்றுவது விற்பனை இல்லை. ஆனால் பிறகு விற்றால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளபடி லாபத்தில் 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் உண்டு. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. வாங்கிய விலைக்கான ஆதாரம் எக்ஸ்சேஞ்சில்தான் இருக்கும் என்பதால், மாற்றுவதற்கு முன் அந்த அறிக்கையை இறக்கி உங்கள் ஆடிட்டரிடம் கொடுத்துவையுங்கள். வெளியே எடுக்கவே அனுமதிக்காத எக்ஸ்சேஞ்சுகளும் உண்டு. கருவி வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேரன் விளையாட்டாகத் தவறான பின் எண்ணைப் பலமுறை அழுத்தியதில், கருவி புத்தம்புதிதுபோல ஆகிவிட்டது. எல்லாம் போய்விட்டதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓமலூர்

பேரனைத் திட்டாதீர்கள் ஐயா. கருவி செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது. லெட்ஜர் 3 முறையும் ட்ரெசர் அதைவிடப் பல முறையும் தவறான எண்ணைப் பெற்றால், திருடன் கையில் சிக்கியதாகக் கொண்டு தனக்குள் இருப்பதைத் தானே அழித்துக்கொள்ளும். நாணயங்கள் பேரேட்டில் அப்படியே இருக்கின்றன. மீட்டெடுக்கும் தெரிவைத் தேர்ந்தெடுத்து, எழுதி வைத்த சொற்களை வரிசை மாறாமல் கருவியிலேயே உள்ளிட்டு, புதிய பின் எண் அமைத்தால் பழைய இருப்பு தெரியும். தாள் எங்கே என்று நினைவில்லையென்றால், உதவுகிறேன் என்று இணையத்தில் வருபவர் எவருக்கும் பணம் கொடுக்காமல், பீரோவையும் பழைய டைரிகளையும் தேடுங்கள்.