'ரோஜர்' என்றால் 'சரி, செய்கிறேன்' இல்லைங்க

விமானி "ரோஜர்" என்னும் இடமெல்லாம் சப்டைட்டிலில் "சரி, செய்கிறேன்" என்று போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. "நீங்கள் சொன்னது முழுசாகக் கிடைத்தது" என்பது மட்டுமே அதன் பொருள். செய்கிறேன் என்பதற்கு "வில்கோ" என்று தனிச்சொல்லே இருக்கிறது.

தந்திக் காலத்தில் செய்தி கிடைத்ததும் மோர்ஸில் ஆர் எழுத்தைத் தட்டுவார்கள்: புள்ளி, கோடு, புள்ளி. 'ரிசீவ்டு' என்பதன் முதலெழுத்து அது. வானொலியில் எழுத்துகள் குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லைப் பெயராக வைப்பார்கள்; 1941-இல் வந்த அமெரிக்கப் படைகளின் அப்படிப்பட்ட பட்டியலில் ஆருக்குப் பெயர் ரோஜர். வானொலியில் அதையே வாயால் சொன்னார்கள். 1956-இல் ஆர் 'ரோமியோ' ஆகிவிட்டது. ரோஜர் மட்டும் போகவே இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது!

"ஓடுபாதை தெரிகிறதா?" என்று கேட்டால் ரோஜர் பதிலாகாது; ஆம், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் "தகவல் கிடைத்தது" என்றே போடுங்கள்.