ஈரல் தழும்பு கரையுமா? கல்லீரல் மருத்துவரிடம் கேள்வி பதில்

மயிலாப்பூர்: ஃபைப்ரோசிஸ் என்றால் ஈரலில் கொழுப்பு படிவதுதானே சார்?

இல்லை, ஃபைப்ரோசிஸ் என்பது நார்த் தழும்பு. கொழுப்பு செல்லுக்குள்ளே சேரும். நார் செல்களுக்கு நடுவில் விழும். ஈரலில் வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சும்மா கிடக்கும் ஸ்டெல்லேட் செல்கள் உண்டு. மதுவோ வைரஸோ கொழுப்போ ஈரலை ஓயாமல் காயப்படுத்தினால், அங்குள்ள மேக்ரோஃபேஜ்கள் (நோய் எதிர்ப்புச் செல்கள்) டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைச் சுரக்கும். அது பட்டதும் ஸ்டெல்லேட் செல் தன் சேமிப்பை இழந்து, மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார் செய்யும் செல்லாக மாறி, கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை நூற்க ஆரம்பித்துவிடும். லைசில் ஆக்சிடேஸ் வகை நொதிகள் நூலுக்கு நூல் முடிச்சுப் போடும். முடிச்சு விழுந்த இடம் விறைக்கும். அந்த விறைப்பே அங்கே கட்டுண்டு கிடக்கும் டிஜிஎஃப்-பீட்டாவை இழுத்து அவிழ்த்துவிடும். மறுபடி நூல், மறுபடி முடிச்சு.

காயத்தின் காரணத்தை நிறுத்தினால் இந்தச் சுழற்சி தளரும். நார் நூற்கும் செல்களில் ஒரு பகுதி செத்துப்போகும், இன்னொரு பகுதி பழையபடி தூங்கப் போகும், கொலாஜனை அறுக்கும் நொதிகளுக்கு வழி கிடைக்கும். முடிச்சு இறுகிய பழைய தழும்புதான் அறுபட மறுக்கும்.

வேளச்சேரி: மாஸ்டர் செக்கப்பில் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் 9.8 கிலோபாஸ்கல். தழும்பு முற்றிய சிரோசிஸா?

ஸ்கேனுக்கு முன் என்ன சாப்பிட்டீர்கள்? வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் இருக்கும் கூப்பனுக்குப் பொங்கல் வடை சாப்பிட்டு, நேரே ஸ்கேன் அறைக்குப் போவதுதான் இந்த பேக்கேஜ்களின் வழக்கம். சாப்பிட்டதும் ஈரலுக்கு வரும் ரத்தம் கூடும், அளவும் ஏறும். குறைந்தது 3 மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் 10 அளவீடுகள் இருக்கின்றனவா, ஐக்யூஆர்/மீடியன் (அளவீடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற கணக்கு) 30 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் காமாலையோ, எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதி ரத்தத்தில் தாறுமாறாக ஏறிய ஈரல் அழற்சியோ இருக்கும் நேரத்தில் எடுத்த ஸ்கேனும் செல்லாது. 8-க்குக் கீழே பெரும்பாலும் பயமில்லை. 8 முதல் 12 வரை சந்தேகப் பகுதி. மறுபடி எடுங்கள்.

தாம்பரம்: ஸ்கேன் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாதா?

ரத்தப் பரிசோதனை எண்களை வைத்துத் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 கணக்குப் போடுங்கள். வயதை எஸ்ஜிஓடியால் (இன்னொரு ஈரல் நொதி) பெருக்கி, அதை பிளேட்லெட்டால் வகுத்து, பிறகு எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். வயது 52, எஸ்ஜிஓடி 68, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 1.7 லட்சம் என்றால்: 52 × 68 = 3536. பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் 170 என்று எடுக்க வேண்டும்; 170 × 8 = 1360. விடை 2.6. பிளேட்லெட்டுக்கு 1.7 என்று போட்டு, 260 வந்துவிட்டதே என்று பதறாதீர்கள். 1.3-க்குக் கீழே நிம்மதி (65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2). 2.67-க்கு மேல் போனால் ஈரல் மருத்துவரைப் பாருங்கள். டெங்குவில் பிளேட்லெட் இறங்கியிருக்கும்போது இந்தக் கணக்கே வேண்டாம்.

பெரம்பூர்: கீழாநெல்லி குடித்தால் தழும்பு கரையுமா டாக்டர்?

அதற்குச் சான்று இல்லை.

திருவான்மியூர்: இப்படி ஒரே வரியில் தள்ளலாமா? 1988-ல் நம் சென்னையில் நடந்த ஆய்வு லான்செட்டிலேயே வந்ததே!

வந்தது. மறைக்கவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. பிறகு வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. இன்னொன்று, அந்த ஆய்வு பார்த்தது வைரஸை, தழும்பை அல்ல. தழும்பைப் பார்க்க பயாப்ஸி, அதாவது ஈரலிலிருந்து சிறு துண்டு, எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி மருந்தான டெனோஃபோவிர் ஆய்வில் எடுத்தார்கள்: தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு 5 ஆண்டு முடிவில் அது சிரோசிஸ் என்ற கட்டத்தில் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?

திருவான்மியூர்: சரி. ஆனால் மூலிகையால் கெடுதல் ஒன்றும் இல்லையே?

இதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சீந்திலை மாதக்கணக்கில் குடித்து ஈரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி 2021-ல் மும்பையிலிருந்து மருத்துவ அறிக்கை வந்தது. பெயர் ஒட்டாத சூரணம் இன்னும் மோசம். உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது. குடித்தே தீருவேன் என்றால் தொடங்கும் முன்பும் ஒரு மாதம் கழித்தும் எல்எஃப்டி (ஈரல் ரத்தப் பரிசோதனை) எடுங்கள்.

மடிப்பாக்கம்: அலோபதியில் மட்டும் கரைக்கும் மருந்து இருக்கிறதா?

நேராகக் கரைப்பது இல்லை. முடிச்சுப் போடும் நொதியைத் தடுக்க வந்த சிம்டுசுமாப் என்ற மருந்து ஆய்வில் தோற்றுப்போனது. அமெரிக்காவில் ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்துக்கு 2024 மார்ச்சிலும், செமாகுளுடைடுக்கு 2025 ஆகஸ்டிலும் அனுமதி கிடைத்தது. இரண்டும் கொழுப்பு ஈரலில் எஃப்2, எஃப்3 என்ற, சிரோசிஸுக்கு முந்தைய தழும்புக் கட்டத்துக்கு மட்டும், சிரோசிஸுக்கு அல்ல. 82 கிலோ இருப்பவர் 8 கிலோ குறைத்தாலே தழும்பு பின்வாங்க நல்ல வாய்ப்பு உண்டு. சாராயத்தை "கொஞ்சமாக" ஆக்குவது நிறுத்துவது ஆகாது.

அண்ணா நகர்: அப்பாவுக்கு நுரையீரல் ஃபைப்ரோசிஸ். பிர்ஃபெனிடோன் போட்டால் குமட்டல், வெயிலில் முகம் எரிகிறது.

நுரையீரல் என் துறை இல்லை. மாத்திரை ஈரலையும் தொடும் என்பதால் சொல்கிறேன். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டுக்கு நடுவில் போடச் சொல்லுங்கள். அளவை வாரம் ஒரு படியாக ஏற்ற வேண்டும். 14 நாள் விட்டுப்போனால் கீழ்ப்படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். முதல் 6 மாதம் மாதாமாதம் எல்எஃப்டி. சிகரெட் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவைக் குறைக்கும், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் அதைக் கூட்டும். பால்கனியில் புறா அடைகிறதா? எச்சத்தூசியால் வரும் அழற்சியும் இதே மாதிரி தழும்பில் முடியும். மார்புச் சிகிச்சை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த எச்சத்தை அப்பாவைப் பெருக்கவிடாதீர்கள்.

கொளத்தூர்: கிட்னி ஃபைப்ரோசிஸுக்கு?

சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள்.

போரூர்: கீழாநெல்லியை மோரில் கலந்தால்...

மேலே படியுங்கள்.

குரோம்பேட்டை: எனக்கு ஸ்கேன் 8.4, பயமாக இருக்கிறது.

காலையில் பொங்கலா, இட்லியா?